போர்டிங் வீட்டார்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம், பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுத உட்கார்ந்தோம். என் கணவர் நோட்டில் மூன்று தலைப்புப் போட்டார்: அவர் பக்கம், என் பக்கம், போர்டிங். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மூன்றாவது யார் சம்பந்தி?" என்று கேட்டார். "இவள் படித்த பள்ளிக்கூடத்து விடுதிக்காரர்கள். இவளை எனக்குத் தருவதற்கு முன் என் மாமனார் அவர்களிடம்தான் கலந்து பேசினார்" என்றார் என் கணவர். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். மூன்று பட்டியல்களில் அதுதான் நீளமானது என்பதைக் கல்யாணத்தன்று பந்தியில் அவரே பார்த்துக்கொண்டார்.

அந்தப் போர்டிங்கைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுகாலமாக நினைத்திருக்கிறேன். நான் கிறிஸ்தவள் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற, பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனால் என்னை வளர்த்தவர்களில் பாதிப் பேர் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். நல்லது கெட்டது எது நடந்தாலும் முதலில் அவர்களுக்குத்தான் போன் செய்கிறேன்.

என் அப்பா ரயில்வேயில் கேங்மேன். மாயவரத்திலிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி வரை அப்போது ஒரு மீட்டர் கேஜ் பாதை இருந்தது. தண்டவாளத்தைச் சரிபார்த்துக்கொண்டு வெயிலில் நடப்பதுதான் அப்பாவின் வேலை. எண்பதுகளில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். அப்பாவுக்குத் தொலைவில் மாற்றல் வந்தது. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தேன். தலைமையாசிரியை அப்பாவைக் கூப்பிட்டு, "பிள்ளையை எங்கள் போர்டிங்கில் விட்டுவிட்டுப் போங்கள். படிப்பு கெட வேண்டாம்" என்றார். "பிள்ளையை வேதத்தில் சேர்த்துவிடுவார்கள்" என்று பாட்டி அழுதார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேர்த்தால் சேர்க்கட்டும். படிக்க வைப்பார்கள் அல்லவா" என்றார்.

யாரும் என்னை எதிலும் சேர்க்கவில்லை. காலையிலும் மாலையிலும் ஜெபத்துக்கு எல்லோரோடும் உட்கார வேண்டும், அவ்வளவுதான். பள்ளியில் வேதபாட வகுப்பு நடக்கும் நேரத்தில் எங்களுக்குத் தனியாக நீதிபோதனை வகுப்பு. நெற்றியில் இருந்த திருநீற்றை அழி என்று அங்கே ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

போர்டிங்கை நடத்தியவரை வெளியார் வார்டன் அம்மா என்பார்கள். எங்களுக்கு அவர் பெரியம்மா. உபதேசியார் ஒருவரின் மகள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உரத்த குரல், வெள்ளைச் சேலை, இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக் கொத்து. நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை, என் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், ஒன்பதாம் வகுப்பு அக்கா ஒருத்தியைக் கூப்பிட்டு, "இவள் உன் பிள்ளை" என்று ஒப்படைத்தார். அங்கே அதுதான் முறை. பெரிய வகுப்புப் பெண் ஒவ்வொருத்திக்கும் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று. அந்தப் பிள்ளையின் துணி வெளுத்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, தட்டில் சோற்றை மிச்சம் வைக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் அந்த அக்காதான் பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மதியம் தலை பார்க்கிற நேரம். சாப்பாட்டுக் கூடத்தின் படிக்கட்டில் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை ஒருத்திக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்துகொள்வோம். பத்தாம் வகுப்புப் பெண்ணின் முழங்காலுக்கிடையே எட்டாம் வகுப்புப் பெண், அவளுக்குக் கீழே ஆறாம் வகுப்பு. பேன் சீப்பு, வேப்பெண்ணெய்க் கிண்ணம், சிவப்பு ரிப்பன் எல்லாம் கை மாறிக் கீழே இறங்கி வரும். வேப்பெண்ணெய் நெடியில் கண் எரியும். சிக்கெடுக்கும்போது வலிக்கிறது என்று ஒருத்தி கத்தினால் வரிசை முழுவதும் குலுங்கும். என் அக்கா வகிடு எடுத்தால் அது நூல் பிடித்தது மாதிரி நேராக இருக்கும். அவருக்கு என் தலைமுடியில் ஒரு தனிப் பெருமை. பின்னாளில் அவர் சென்னையில் ஆஸ்பத்திரியொன்றில் தலைமைச் செவிலியராக இருந்தார். என் முதல் பிரசவத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து, நான் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது என் தலையைத்தான் வாரிக்கொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பெரியம்மா ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார். ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம்தான் அது. கேள்வியும் பதிலுமாக அமைந்த மெல்லிய புத்தகம். அதில் பகுதிக்குப் பகுதி தலைப்பில், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு இதை எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் என்று லுத்தர் குறித்திருக்கிறார். பெரியம்மா அந்த வரியை ஒருபோதும் விட மாட்டார். முதலில் அதை வாசித்துவிட்டு, கண்ணாடியை மேலே தள்ளி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்ப்பார். இந்த வீட்டுக்குத் தலைவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

எங்களைப் போன்றவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கேட்டுக் கேட்டே மனத்தில் ஏறிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது பரமண்டல ஜெபத்தில் அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கிற இடம். அப்பம் என்றால் என்ன என்ற கேள்விக்கு லுத்தர் எழுதிய பதில் ஒரு பெரிய பட்டியல். உணவு, குடிக்கத் தண்ணீர், துணி, செருப்பு, வீடு, வயல், ஆடுமாடு, பணம், நல்ல துணை, நல்ல பிள்ளைகள், நல்ல ஆட்சி, காலத்தில் மழைவெயில், சமாதானம், உடல்நலம், நல்ல சிநேகிதர், நம்பத்தக்க அக்கம்பக்கத்தார். பதினொரு வயதில் என்னை வியக்க வைத்தது அதிலிருந்த செருப்பு. அன்று எனக்குச் செருப்பு இல்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு இல்லை. கடவுளிடம் செருப்பைக் கேட்கலாம், அதை எழுதியே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சேதி. பெரியம்மா அந்தப் பட்டியலைத் தம் வேலைப் பட்டியலாகவே எடுத்துக்கொண்டவர். மழைக்காலம் தொடங்குவதற்குள் பழைய செய்தித்தாளில் எங்கள் பாதங்களை வரைந்து அளவெடுத்துக்கொண்டு மாயவரத்துக்குப் பஸ் ஏறினார். ஆளுக்கு ஒரு ஜோடி வந்தது. செலவை எப்படிச் சரிக்கட்டினார் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது: தம் சம்பளத்திலிருந்து.

லுத்தரைவிட அவருக்கு லுத்தரின் மனைவிமேல்தான் பிரியம் அதிகம். கத்தரீனா என்ற அந்த அம்மாள் கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்தவர். 1525இல் லுத்தரை மணந்துகொண்டார். விட்டன்பர்க் நகரத்தில் ஒரு பழைய துறவியர் மடமே அவர்களுக்கு வீடாக இருந்தது. அதில் சொந்தப் பிள்ளைகள் ஆறு பேர் பிறந்தார்கள். உறவில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார்கள். மாணவர்களும் விருந்தாளிகளும் அங்கேயே தங்கிச் சாப்பிட்டார்கள். தோட்டம், வயல், பன்றி வளர்ப்பு, வரவு செலவு எல்லாம் கத்தரீனாவின் பொறுப்பு. "அந்த அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் இருந்தால் லுத்தர் எதைச் சாப்பிட்டுவிட்டு எழுதியிருப்பார்?" என்று கேட்பார் பெரியம்மா. முதல் லுத்தரன் போர்டிங் அதுதான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். எனக்கும் அதை மறுக்கக் காரணம் இல்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை தரங்கம்பாடிக் கடற்கரைக்கு நடத்தி அழைத்துப் போவார்கள். கோட்டை வாசல் வளைவைத் தாண்டி ராஜா வீதியில் நுழைந்தால் இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாம் பழைய கட்டடங்கள், எதிரே டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்பர்க் கோட்டை, அதற்கப்பால் கடல். புதிய எருசலேம் கோயிலுக்குள் போய்ச் சீகன்பால்கு ஐயரின் கல்லறையைப் பார்ப்போம். அவரும் புளூட்சோ ஐயரும் 1706 ஜூலை 9ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரிகள். சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்துமூன்று வயதுதான். தமிழ் கற்க அவர் என்ன செய்தார் என்று பெரியம்மா அந்தக் கல்லறையருகே நின்றுதான் சொல்வார். ஊரிலிருந்த வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் சொல்லி, பொடிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்தை எழுதிப் பழகினார். கற்பிக்க வந்தவர் முதலில் நம் பிள்ளைகளோடு மாணவராக உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். தாய் தகப்பன் இல்லாதவர்களையும் ஏழைப் பிள்ளைகளையும் மிஷன் வீட்டிலேயே தங்கவைத்துச் சோறும் துணியும் கொடுத்தார்கள். சீகன்பால்கு படித்த ஹாலே நகரத்தில் பிராங்கே என்ற போதகர் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தையும் பள்ளிகளையும் ஒரே வளாகத்தில் நடத்திவந்தார். சோறும் பாடமும் ஒரே கூரையின் கீழ் என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. புதிய எருசலேம் கோயிலை 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்த நான்கு மாதங்களில், 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு இறந்துபோனார். வயது முப்பத்தாறு.

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. பிற்காலத்தில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் பொறுப்பேற்றபோது சாதி வேறுபாட்டை உடனே ஒழிக்க முடியாது என்று பொறுத்துப் போனார்கள். மற்ற மிஷன்கள் அதற்காக அவர்களோடு சண்டை போட்டன. கோயிலுக்குள்ளேயே தனித்தனியாக உட்கார்ந்த காலம் இருந்தது. என் காலத்திலும் அதன் மிச்சம் ஊரில் இருந்தது. நான் சேர்ந்த ஆண்டு, ஒரு பெண்ணைப் பார்க்க வந்த அவளுடைய மாமா, பந்தியில் தன் மருமகளுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, இடம் மாற்றச் சொன்னார். பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "இங்கே இருப்பவர்கள் எல்லாம் என் பிள்ளைகள். என் பிள்ளைகளுக்குள் பந்தி பிரிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. உங்கள் பிள்ளையை நீங்கள் அழைத்துப் போகலாம். ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு" என்றார். அவர் அழைத்துப் போகவில்லை. அந்தப் பெண்ணும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் இன்று ஒரே தெருவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் இரண்டு சமையலறை. என்னைக் கேட்டால், நான் கற்ற எல்லாப் பாடங்களிலும் அந்தக் கரண்டி கீழே வைக்கப்பட்ட சத்தம்தான் பெரிய பாடம். நானும் ஓர் ஆசிரியை என்பதால் இதைத் தெரிந்தே சொல்கிறேன்.

அறுப்பின் பண்டிகை எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம். நெல், வாழைத்தார், தேங்காய், கோழி, முட்டை, வீட்டில் சுட்ட முறுக்கு என்று அவரவர் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். ஒருமுறை அப்பா, குடியிருப்புக்குப் பின்னால் தாமே போட்ட கொடியில் காய்த்த பரங்கிக்காய் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். கோயிலுக்குள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வாசலில் தயங்கினார். சபைப் போதகரான ஐயர் தாமே இறங்கி வந்து, அதை வாங்கி, பீடத்துக்கு முன்னால் நெல் மூட்டைகளோடு வைத்தார். ஏலத்தில் அந்தப் பரங்கிக்காய்க்குப் போட்டி வந்தது. தலைமையாசிரியை ஒரு பக்கம், ஐயரம்மா ஒரு பக்கம். கேங்மேனின் ஒரு வாரக் கூலிக்கு ஈடாகப் போய் நின்றது. வாங்கிய தலைமையாசிரியை அதை அப்படியே போர்டிங் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார். அன்று இரவு எங்களோடு பந்தியில் உட்கார்ந்து அந்தப் பரங்கிக்காய்ப் புளிக்கூட்டைச் சாப்பிட்ட அப்பா, அதற்குப் பிறகு அந்தப் பள்ளியை ஒருபோதும் "உன் பள்ளிக்கூடம்" என்று சொல்லவில்லை. "நம் பள்ளிக்கூடம்" என்பார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்த நாள். சந்திரபாடி, சின்னங்குடி, தரங்கம்பாடி, வானகிரி என்று அந்தக் கரையோரக் கிராமங்களிலிருந்து போர்டிங்கில் படித்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் கரையிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். நான் கும்பகோணத்தில் இருந்தேன். சேதி கேட்டதும் கிடைத்த வண்டியில் போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. பெரியம்மா ஓய்வு பெற்று, பொறையாறில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அன்று அங்கே இல்லை, பள்ளிக்கூடத்தில் இருந்தார். ஒரு வகுப்பறைக் கரும்பலகை முழுவதும் பெயர்கள். கரையோரத்துப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும், எந்த ஊர், எந்த ஆண்டு படித்தவள் என்று நினைவிலிருந்தே எழுதியிருந்தார். ஆள் கண்ணால் பார்க்கப்பட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி. கேள்விப்பட்டது கணக்கில் வராது, யாராவது நேரில் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் முகாம் முகாமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்ல, சாக்பீஸால் குறித்துக்கொண்டே இருந்தார். தஞ்சாவூர், திருச்சி, சென்னையிலிருந்து பழைய பிள்ளைகள் அரிசி மூட்டையும் பாயும் போர்வையுமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. சரிக்குறி விழாத பெயர்கள் கடைசியில் சில மிஞ்சின. பொங்கல் கழிந்து பள்ளி திறந்த பிறகும் அந்தப் பலகையை அழிக்கப் பெரியம்மா விடவில்லை. அந்த வகுப்பு மரத்தடியில் நடந்தது. ஐயரை அழைத்து, ஒவ்வொரு பெயராக வாசித்து, ஜெபம் செய்த பிறகு, அவரே ஈரத்துணியால் துடைத்தார்.

பெரியம்மா சில வருடங்களுக்கு முன் காலமானார். எங்களில் யாராவது ஒருத்தி முறைவைத்து அவரோடு கடைசி மாதங்களில் இருந்தோம். பஞ்சாயத்துப் பேசி முறை வைக்கவில்லை. போர்டிங்கில் அடுப்படி வேலைக்கு முறை போட்ட பழக்கம் அப்படியே தொடர்ந்தது. துக்க அறிவிப்பு அச்சடிக்க வேண்டியிருந்தது. அச்சகத்துத் தம்பி, "கீழே துக்கத்துடன் என்று யார் பெயரைப் போடுவது? மகன், மகள், மருமகன் என்று வரிசை வேண்டுமே" என்று கேட்டார். "பிள்ளைகள் என்று போடுங்கள்" என்றார் என் அக்கா. "எத்தனை பேர்?" என்றார் அவர். கோயில் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது ஐயர், முதலில் குடும்பத்தார் வரலாம் என்றார். வரிசை தோட்டத்தின் வாசலைத் தாண்டி ரோடு வரை நின்றது. புடவைத் தலைப்பை இழுத்து மூடியவர்கள், பர்தா அணிந்தவர்கள், திருநீறு பூசியவர்கள் எல்லோரும் அதில் இருந்தோம். மண் போட்டு முடிக்க இருட்டிவிட்டது. தம் அம்மாவுக்குச் செய்வதாகவே நினைத்து என் அப்பாவும் கையில் மண் எடுத்துப் போட்டார். அவருக்குப் பெரியம்மாவைவிட வயது அதிகம்.

இப்போது போர்டிங்கில் பிள்ளைகள் குறைவு. ஊருக்கு ஊர் வேன் வருகிறது, அவரவர் வீட்டிலிருந்தே போய்ப் படிக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனாலும் வீடென்று ஒன்று இல்லாத பிள்ளைகளும், இருந்தும் இருக்க முடியாத பிள்ளைகளும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பழைய மாணவிகள் ஆளுக்கொரு பிள்ளைக்குக் காப்பாளராகக் கையெழுத்துப் போடுகிறோம். பணம் அனுப்புவதோடு முடிகிற ஏற்பாடு இல்லை. மதிப்பெண் அட்டையைப் பார்க்க வேண்டும், காய்ச்சல் என்றால் போய் நிற்க வேண்டும், திட்டவும் வேண்டும். என் பொறுப்பில் இருப்பவள் சந்திரபாடிப் பெண், ஏழாம் வகுப்பு. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா இல்லை. கணக்கில் பின்னம் வரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வார்டனின் போனில் கூப்பிட்டு என்னை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறாள். ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளை ஒன்றை இந்த ஆண்டு அவளிடம் ஒப்படைத்திருக்கிறார்களாம். அதற்குச் சடை பின்னத் தெரியவில்லை, சோறும் சாப்பிட மாட்டேன் என்கிறது என்று மூச்சுவிடாமல் புகார் சொன்னாள். "நீ எப்படிச் சாப்பிட வைத்தாய்?" என்று கேட்டேன். "நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், அத்தை" என்றாள்.

வருகிற சனிக்கிழமை போகிறேன். பின்னம் சொல்லிக் கொடுக்க வேண்டும். புதிய பிள்ளையின் கால் அளவும் எடுக்க வேண்டும். மழை தொடங்கப் போகிறது.